தூபா வீட்டு மீன்தொட்டி

நௌரூஸ் என்கிற வருஷப் பிறப்பு நெருங்கினால் எங்கள் அஹ்வாஸ் ஊரில் வீட்டைக் குலுக்குவார்கள். பெயர்தான் குலுக்குவது. செய்வது என்னவோ, உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானையும் வெளியே இழுத்துப்போட்டு அடித்து, அலசி, காயவைத்து, மறுபடி உள்ளே திணிப்பது. கம்பளம் மாடிச்சுவரில் தொங்கும். திரைச்சீலை கொடியில் தொங்கும். ஆண்பிள்ளைகளின் முகமும் தொங்கும். நௌரூஸ் அன்று வருகிற விருந்தாளி சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினாலும் கறுப்பு ஒட்டக் கூடாது. அப்படி யார் தடவுவார்கள் என்று கேட்கிறவர்கள் எங்கள் சந்தின் முதல் வீட்டு நுஸ்ரத் கானுமை, அதாவது நுஸ்ரத் அம்மாளை, பார்த்ததில்லை.

நுஸ்ரத்துக்கு நம்பிக்கை ஒன்றே ஒன்றில்தான், பிளீச்சிங் தண்ணி. தரைக்கு அது, குளியலறைக்கு அது, தேநீர்க் குவளைக்கு அது, புருஷன் யதுல்லாவின் உள்பனியனுக்கும் அது. அந்த வாரங்களில் சந்து முழுக்க அந்த வாசம்தான் அடிக்கும். கடைசி வீட்டில் மட்டும் அடிக்காது. அது தூபா வீடு.

தூபா சோம்பேறி இல்லை. வினிகரும் சோடா உப்புமாக முட்டி தேயத் தேய்ப்பாள். ஆனாலும் ஓடுகளுக்கு நடுவே இருக்கிற கோடு பழுப்பாகவே நிற்கும், குவளைக்குள் தேநீர் வளையம் போகாது. காரணம் கெராமத், அவள் புருஷன். சண்டையில் சிப்பாயாக இருந்தபோது பூண்டு வாசம் வீசிய ஒரு காலையில் அவன் சுவாசித்த விஷக்காற்று இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. பிளீச் மூடியை அடுத்த அறையில் திறந்தாலே அவனுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். கல்யாணமான மறுநாள் தூபா ஒரே ஒரு தடவை குளியலறையில் ஊற்றினாள். புது மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதுதான் அவர்கள் சேர்ந்து போன முதல் ஊர்வலம். அன்றோடு அந்த வீட்டில் அந்தப் பாட்டில் நுழைந்ததில்லை.

"தூபா, தப்பா எடுத்துக்காத," என்பாள் நுஸ்ரத், ஒவ்வொரு வருஷமும். "உன் சமையக்கட்டு ஓடு வாங்கும்போதே இந்த நிறமா?"

"இல்லக்கா. உங்க கண்ணு பட்டுப் பழுப்பேறிப் போச்சு."

இப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய், கத்தி முனையால் அந்தக் கோட்டைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. சமையலறை ஜன்னல் சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது.

அந்த வீட்டுக்கு மீன் வந்த கதையும் ஒரு நௌரூஸில்தான் தொடங்கியது. முளைவிட்ட கோதுமை, பூண்டு, ஆப்பிள், கண்ணாடி எல்லாம் வைக்கிற மேசையில் ஒரு கிண்ணத்தில் சிவப்பு மீனும் வைப்போம். நடைபாதையில் பாலிதீன் பையில் கட்டி விற்பார்கள். முக்கால்வாசி மீன் பதின்மூன்றாம் நாளுக்குள் செத்துவிடும். மிஞ்சினதை அன்றைக்கு வனபோஜனம் போகும்போது காரூன் ஆற்றில் விட்டுவிட்டு வருவோம். கபாப் புகைக்குப் பயந்து கெராமத் வனபோஜனம் போவதில்லை. அதனால் அந்த வருஷத்து மீன் ஆற்றுக்குப் போகவில்லை, சாகவும் இல்லை. கிண்ணத்துத் தண்ணீர் கலங்கக் கலங்க, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

கெராமத் ரொம்ப நேரம் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். "தூபா, இங்க வந்து பாரேன். இவனுக்கும் என் வியாதிதான்."

"ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதா?" என்றாள் அவள்.

மறுநாள் மூக்குக் கவசம் போட்டுக்கொண்டு சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஜாசிமின் மீன் கடைக்குப் போனான். ஜாசிமிடம் 'இது போதும்' என்ற வார்த்தை கிடையாது. கிண்ணத்தில் மீன் வைப்பது பாவம் என்று சொல்லிச் சின்னத் தொட்டி விற்றான். சின்னத் தொட்டிக்குக் காற்றுப் பம்பு விற்றான். பம்பு மட்டும் போதாது என்று தண்ணீரை வடிகட்டுகிற ஸ்பாஞ்சு விற்றான். ஒரு மீன் தனியாக ஏங்கிவிடும் என்று இன்னும் சிலதை விற்றான். அதெல்லாம் வளர்ந்ததும் தொட்டி சிறைச்சாலை மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"எங்க வீட்டையும் பாருங்க ஜாசிம் காகா, இதுவும் அதே அளவுதான்," என்றாள் தூபா. "இதையும் பெருசாக்கிக் குடுப்பீங்களா?"

நடுத்தரத் தொட்டி வந்தபோது டிவி தரைக்கு இறங்கியது. பெரிய தொட்டி வந்தபோது போனது தூபாவின் சீர் அலமாரி. அன்றைய சண்டை சந்துக் கோடி வரை கேட்டது. கெராமத்துக்குக் குரல் கிடையாது, காற்றோடு கலந்து சீட்டியடிக்கிற மாதிரிதான் பேச்சு வரும். ஆகவே கேட்டதெல்லாம் அவள் பக்கம்தான். அவன் பக்கத்தை அவளே பிறகு சொன்னாள்.

"அது எங்கம்மா குடுத்த அலமாரி, கெராமத்."

"அதுக்குள்ள இருக்கிற கண்ணாடிக் குவளையில இதுவரைக்கும் யாராவது ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்காங்களா?"

"குடிக்கவா வச்சிருக்கு? பாக்கிறதுக்கு."

"இதுவும் பாக்கிறதுக்குத்தான். அது ஆடாம நிக்குது, இது ஆடுது. நான் ஆடாம கிடக்கிற ஆளு. ஆடுறதைப் பாத்துக்கிட்டுக் கிடக்கிறேனே."

அலமாரி மாடிப்படிக்குக் கீழே போனது. சுவர் அகலத்துக்குத் தொட்டி வந்து உட்கார்ந்தது. முதல் மீன் அதற்குள் உள்ளங்கை நீளம் வளர்ந்து, செதில் வெளுத்து, கிழவன் என்று பேர் வாங்கியிருந்தது. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் உப்பு, ஆகாது. நல்ல தண்ணீர் விற்கிற கடையிலிருந்து கேன் கேனாகத் தள்ளுவண்டியில் இழுத்து வந்ததும் தூபாதான். புளியும் வெந்தயக்கீரையும் போட்டு அவள் மீன் குழம்பு வைக்கிற நாளில் கெராமத் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவான். "சொந்தக்காரங்க முன்னாடி சாப்பிடக் கூச்சமா?" என்பாள்.

வருஷம் போகப் போக அவன் உலகம் அந்த அறையளவு ஆனது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், அதன் குடுவையில் தண்ணீர் குமிழி விடும். எதிரே தொட்டி, அதிலும் குமிழி. கண்ணை மூடிக்கொண்டால் எந்தச் சத்தம் புருஷனுடையது, எந்தச் சத்தம் மீனுடையது என்று தெரியாது என்பாள் தூபா.

இந்த முறை வீடு குலுக்குகிற மாதம் பிறந்தபோது கெராமத்துக்குச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆண்கள் வார்டில் பெண்பிள்ளை தங்கக் கூடாது என்று சாயங்காலமானால் தூபாவை அனுப்பிவிடுவார்கள். வந்து வெறும் வீட்டைத் திறந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் தனியாக இருந்ததே இல்லை. மறுநாள் காலை நுஸ்ரத் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, உங்க பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க."

நுஸ்ரத் அன்றைக்கு முகத்தில் காட்டிய சந்தோஷத்தை மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தபோதுகூட நாங்கள் பார்க்கவில்லை. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள். "கலக்காம ஊத்து. ஊறவிட்டுத் தேய்."

தூபா ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு ஊற்றினாள். ஓட்டுக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. குவளைக்குள் இருந்த வளையங்கள் அழிந்தன. குளியலறை மூலையிலிருந்த கறுப்பு, அவளுக்கு முன்னாலிருந்தே அங்கே குடியிருந்த கறுப்பு, வழிந்து ஓடியது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாட்டுப் பாடியபடி தேய்த்தாள். பாடினாள் என்பது உண்மை. ஜன்னல் திறந்துதானே இருந்தது.

கடைசியில் தொட்டி. கண்ணாடி ஓரம் பச்சை. அடியில் கிடந்த கூழாங்கல்லில் பழுப்பு. ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்தால் கறுப்பாகச் சேறு. 'இந்தச் சாக்கடைக்குள்ளயா இதுங்களை வச்சிருக்கான்' என்று நினைத்தாள். துணி ஊறவைக்கிற டப்பில் மீன்களை விட்டாள். கல்லையும் ஸ்பாஞ்சையும் பிளீச்சில் ஊறப்போட்டு, மஞ்சள் ஸ்பாஞ்சு மஞ்சளாகவே தெரிகிற வரைக்கும் கசக்கினாள். மீனுக்கு ஆகாதே என்று நல்ல தண்ணீரில் அலசி அலசி, மோந்து பார்த்து, வாசம் போன பிறகுதான் திருப்பி வைத்தாள். தொட்டியையும் புதுத் தண்ணீரால் நிரப்பினாள். கெராமத் வந்து பார்த்து அசந்துபோவான் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அவன் வீடு திரும்புகிற நாள் வரைக்கும் ஜன்னல்களை மூடவில்லை. மூக்கைச் சுவரில் வைத்து மோந்தாலும் வாசம் இல்லை. யதுல்லாவும் அவளுமாகக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வாசற்படியில் கெராமத் ஒரு நிமிஷம் நின்றுவிட்டான்.

"என்ன? மூச்சு முட்டுதா?"

"இல்ல. வெளிச்சமா இருக்கு வீடு," என்றான். உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தான். குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தான்.

முதலில் மீன்கள் நன்றாகத்தான் நீந்தின. பிறகு தண்ணீரில் புகை மாதிரி ஒரு கலங்கல். அப்புறம் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்தன, வாலில் இரத்தக் கோடு ஓடியது. ஒரு காலையில், மீன்களில் வெள்ளை வால்காரி செத்து மிதந்தாள். கெராமத் ஜாசிமுக்குப் போன் போட்டான். அந்த ஆளும் வந்து தொட்டியில் கையை விட்டு ஸ்பாஞ்சை எடுத்துப் பார்த்தான்.

"காகா, இதை யாரு கழுவினது?"

தூபா அப்போது தேநீர்த் தட்டோடு வாசலில் நிற்கிறாள்.

"நான்தான்," என்றான் கெராமத். "ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி."

"உங்களுக்குத் தெரியாததா? எத்தனை தடவை சொல்லியிருக்கேன். இந்தக் கறுப்புலதான் கண்ணுக்குத் தெரியாத உயிரு இருக்கு. மீன் போடுற விஷத்தைத் தின்னு தீக்கிறது அதுதான். அதைக் கழுவிட்டா இதுங்க தன்னோட விஷத்திலேயே மூச்சு முட்டிச் சாகும்."

"காய்ச்சல் வேகத்துல கழுவிட்டேன் காகா. புத்தி கெட்டுப்போச்சு."

தட்டைக் கீழே வைக்கிற சாக்கில் தூபா குனிந்துகொண்டாள். புருஷன் பக்கம் பார்க்கவில்லை. அவனும் அவளைப் பார்க்கவில்லை.

"பயப்படாதீங்க. கறுப்பு மறுபடி ஊறுற வரைக்கும் தினமும் பாதித் தண்ணி மாத்துங்க. பம்பு மட்டும் நிக்கவே கூடாது," என்று சொல்லி, சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து இரண்டு குவளை குடித்துவிட்டு ஜாசிம் போனான்.

அதிலிருந்து தூபா தள்ளுவண்டியும் கையுமாக ஆனாள். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. நௌரூஸுக்குப் பலகாரம் செய்யவில்லை, கோதுமை முளை கட்டவில்லை. "வீட்டுல மீனுக்குப் பிரசவம் பாக்கிறாளாம்," என்று நாங்கள் சிரித்தோம். கழுவியது தான்தான் என்று கெராமத்திடம் அவள் சொல்லத்தான் நினைத்தாளாம். ஒவ்வொரு நடையிலும், போய்க் கேனை இறக்கி வைத்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாளாம். இறக்கியதும் அவன் "களைச்சுப்போயிட்ட, உக்காரு" என்பான். வந்த வார்த்தை திரும்பப் போய்விடும்.

அப்போதுதான் மண் காற்று வந்தது. எங்கள் ஊருக்கு அது புதிதில்லை. வானம் செங்கல் நிறமாகும், பல்லுக்கிடையில் நறநறக்கும், எதிர்வீடு மறைந்துபோகும். மண்ணுக்கு அஹ்வாஸ்காரன் பயப்பட மாட்டான். அதற்குப் பின்னால் வருகிற தூறலுக்குத்தான் பயப்படுவான். மின்கம்பியில் படிந்த மண்ணில் நாலு சொட்டு விழுந்தால் போதும், சேறாகிக் கம்பியோடு கம்பி பேசிக்கொள்ளும், ஊரே இருட்டாகும். மழைக்குத் தொழுகை நடத்துகிற ஊரில் மழை வந்தால் கரண்டு போகும். எங்கள் தலையெழுத்து அப்படி.

அன்றைக்குக் காலை பத்து மணி வாக்கில் தூறியது. தெருமுனையில் டமாரென்று சத்தம். ஆக்சிஜன் மெஷின் கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது. எதிரே தொட்டியின் குமிழியும் நின்றது. வீட்டில் அப்படி ஒரு அமைதியைத் தூபா கேட்டதே இல்லை.

மூலையில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்து குழாயை மாற்றினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் செலவழித்தது போக, அளவு காட்டுகிற முள் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை, கரண்டு போனால் ஊர் பம்பும் நின்றுவிடும். நல்ல தண்ணீர்க் கடையும் கதவைச் சாத்திவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் மணி அடிப்பதற்குள் லைன் அறுந்துபோயிற்று. முக்காட்டை மூக்கோடு சுற்றிக்கொண்டு சந்தில் ஓடினாள்.

"யதுல்லா காகா, வண்டியை எடுங்க. சிலிண்டர் வாங்கணும்."

யதுல்லாவின் நீலப் பிக்கப்புக்கு முன்விளக்கு ஒன்றுதான் எரியும். "கண்ணு தெரியலையே தூபா கானும்," என்றான். ஆனால் சாவியை எடுத்துவிட்டான்.

"நீங்க போங்க, நான் போய் கெராமத்கிட்ட உக்காந்துக்கிறேன்," என்றாள் நுஸ்ரத். "ஜன்னல் இடுக்குல ஈரத்துணி திணிச்சிட்டு இந்தா வந்துட்டேன்."

தூபா வீட்டுக்குத் திரும்பி வந்து செருப்பைப் போட்டாள். "நுஸ்ரத்து வருவா. குழாயைக் கழட்டாத. பேசாத. எந்திரிக்காத."

"எங்க போகப்போறேன், கடைத்தெருவுக்கா?" என்றான். தொட்டியைப் பார்த்தபடியே சொன்னான். "தூபா, அதுங்க மேல வருது பாரு."

"வரட்டும். எனக்கு நீதான் முக்கியம்."

"கோபத்துல பேசாத. பத்திரமா போ."

சிலிண்டர் நிரப்புகிற இடத்தில் ஊரே நின்றது. எங்கள் ஊரில் சண்டையின் காற்றைக் குடித்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெண்டாட்டியோ மகளோ வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். ஜெனரேட்டர் கொஞ்சம் ஓடும், நிற்கும். தூபா யாரிடமும் சண்டை போடவில்லை. முன்னால் நின்றவளின் சிலிண்டரைத் தூக்கிவிட்டாள், பின்னால் நின்றவளுக்குத் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள். புண்ணியம் சேர்த்தால் வரிசை நகரும் என்று நினைத்தாளோ என்னவோ. நெஞ்சுக்குள் ஒரு வார்த்தை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது: போனதும் சொல்லிடணும், போனதும் சொல்லிடணும்.

நுஸ்ரத் போகவில்லை. வேண்டுமென்றே இல்லை. ஒரு ஜன்னலுக்குத் துணி திணித்தாள், அடுத்த ஜன்னலில் மண் வழிந்தது. புதிதாகத் துவைத்து மாட்டிய வெள்ளைத் திரைச்சீலைகள் அவள் கண் முன்னாலேயே செம்மண் நிறமாயின. கழற்றி மடித்தாள். பீரோவை நகர்த்தினாள். இந்தா, இந்தா என்று சாயங்கால அசர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. நாங்களும் போகவில்லை. நுஸ்ரத் போயிருப்பாள் என்று நினைத்தோம்.

தூபா திரும்பியபோது அஸ்தமனத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் மிச்சம் இருந்தது. கதவைத் தள்ளியதும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. குமிழிச் சத்தம் கேட்டது. கரண்டு வந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

கட்டில் காலியாக இருந்தது. கெராமத் தொட்டியின் கீழே தரையில், கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். சிலிண்டரை அங்கே வரை உருட்டி வந்திருக்கிறான். மூக்கில் மாட்டுகிற குழாய் தொட்டிக்குள் கிடந்தது. அதன் இரண்டு முனையிலிருந்தும் பொடிப்பொடியாகக் குமிழி மேலே போய்க்கொண்டிருந்தது. அந்தக் குமிழியைச் சுற்றிக் கிழவனும் கறுப்பு மீன் ஒன்றும் அசைந்தன. மற்றவையெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி ஒதுங்கிக் கிடந்தன. கெராமத்தின் உதடு கத்தரிக்காய் நிறம்.

தூபா கத்தவில்லை. குழாயைப் பிடுங்கி உதறி, வாயால் ஊதி, முக்காட்டில் துடைத்து அவன் மூக்கில் மாட்டினாள். யதுல்லா புதுச் சிலிண்டரை இழுத்து வந்து திருகினான். "அல்லாவே, அல்லாவே" என்று அவன்தான் முனகினான். கொஞ்ச நேரம் கழித்துக் கெராமத் கண்ணைத் திறந்தான்.

"மாத்தி மாத்தி... குடுத்தேன்," என்றான். "எனக்குக் கொஞ்சம்... அதுங்களுக்குக் கொஞ்சம்."

"யாரு கேட்டா உன்னை?"

"அதுங்களால... கேக்க முடியாதே."

"நுஸ்ரத்து எங்க?"

"வரல. நல்லதாப் போச்சு. வந்திருந்தா... விட்டிருக்க மாட்டா."

யதுல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். தூபா கெராமத்தின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்போது சொன்னாள்.

"கெராமத், ஸ்பாஞ்சைக் கழுவினது நான்தான். பிளீச்சுல போட்டேன். வீடு முழுக்க ஊத்தினேன்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"வாசப்படியில."

"வாசமே இல்லையே. நான் மோந்து பாத்தேனே."

"மூக்கு செத்து... எத்தனை வருஷம் ஆச்சு. நெஞ்சுக்குத் தெரிஞ்சிடும்."

"ஏன் கேக்கல? ஏன் என்னைத் திட்டல? ஜாசிம்கிட்ட ஏன் நீ கழுவினதாச் சொன்ன?"

அவன் மூச்சை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தான். அவசரப்படாமல் சொன்னான். "சமையக்கட்டுல... அந்த ஓடு. அது வெள்ளை ஓடுன்னு... எனக்குத் தெரியவே தெரியாது தூபா. நீ அதைப் பாத்துப் பாத்து நின்ன. இத்தனை வருஷத்துல நீ ஒண்ணை... அப்படிப் பாத்து நான் பாத்ததில்ல. அதைப் போய் என்னன்னு திட்ட?"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தொட்டியில் கிழவன் மேலே வந்து வாயைத் திறந்தது. கெராமத்தின் கண் அந்தப் பக்கம் போனது. தூபா மடியிலிருந்து அவன் தலையை மெல்ல இறக்கித் தலையணையில் வைத்தாள். சமையலறைக்குப் போய் ஒரு குவளை எடுத்து வந்தாள். தொட்டித் தண்ணீரை மொண்டு, கை உயரம் தூக்கி, மேலேயிருந்து ஊற்றினாள். மறுபடி மொண்டாள். தண்ணீர் விழுந்து விழுந்து நுரைத்தது. தோள் இற்றுப்போகிற வரைக்கும் ஊற்றினாள். இற்றதும் கை மாற்றிக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். கரண்டு வந்து சந்தெங்கும் நபியை வாழ்த்துகிற ஸலவாத் முழக்கம் கேட்டபோது இரண்டு குமிழியும் ஒன்றாகத் தொடங்கின. தப்பித்தோம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

விடிந்ததும் ஆம்புலன்ஸ் வந்தது. போனவன் திரும்பவில்லை. நௌரூஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடக்கம் பண்ணினோம்.

டாக்டர்கள் நுரையீரல் என்று எழுதினார்கள். யதுல்லா மண் காற்று என்றான். சந்து என்ன சொல்லும்? மீன் பைத்தியத்தில் உயிரை விட்டான் என்றது. தூபா எதையும் மறுக்கவில்லை. துக்கத்துக்கு வந்த மகள், ஷீராஸில் கட்டிக்கொடுத்தவள், அந்தத் தொட்டியைத் தூக்கிப் போடச் சொன்னாள். தூபா அன்று மத்தியானமே கறுப்பு உடுப்போடு ஜாசிம் கடையில் போய் நின்றாள். ஜாசிம் பதறி எழுந்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்தான்.

"அதெல்லாம் அப்புறம் காகா," என்றாள். "எனக்குக் கொஞ்சம் அழுக்கு குடுங்க."

ஜாசிம் தன் தொட்டிகளிலேயே பழசான ஒன்றிலிருந்து ஸ்பாஞ்சை உருவி, சொட்டச் சொட்டப் பையில் போட்டுக் கொடுத்தான். வாழ்நாளெல்லாம் கறுப்போடு மல்லுக்கட்டிய தூபா, தன் கையாலேயே அந்தச் சேற்றைத் தன் தெளிந்த தொட்டிக்குள் பிழிந்துவிட்டாள். மணிக்கட்டில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. கறுப்பு மீன் தாங்கவில்லை. கிழவன் தாங்கியது.

எங்கள் ஊரில், வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் நௌரூஸ் அன்று முதலில் போவார்கள். அங்கே உட்கார்ந்து எழுந்த பிறகுதான் மற்ற வீடு. புது உடுப்பு போடாமல் சந்து முழுவதும் தூபா வீட்டில் கூடினோம். பேரீச்சம்பழமும் ஹல்வாவும் சுற்றி வந்தன. மேசை போடவில்லை, கண்ணாடி வைக்கவில்லை. சுவர் அகலத் தொட்டியில் ஒரே ஒரு மீன் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

நுஸ்ரத் அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து உட்காரவே இல்லை. அவளாகவே சமையலறையை எடுத்துக்கொண்டாள். பாத்திரம் கழுவினாள், தரை துடைத்தாள். தூபா தேநீருக்குத் தண்ணீர் வைக்க உள்ளே போனபோது, நுஸ்ரத் குவளைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் குடித்துக் குடித்து அவற்றில் வளையம் திரும்பி ஏறியிருந்தது. முக்காட்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தாள்.

"ஒரு மூடி ஊத்தினாப் போதும் தூபா. உனக்கு எதாவது செய்யணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. இனிமே என்ன, யாருக்கு ஆகாது..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "நான் அன்னிக்கு வந்திருக்கணும்."

"ஜன்னல்ல மண்ணு வந்துச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க," என்றாள் தூபா. கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகவும் சொல்லவில்லை. பாட்டிலின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். "இதை மட்டும் திறக்காதீங்கக்கா. வீட்டுல மூச்சு விடுற ஆள் இருக்கு."

நுஸ்ரத் எட்டித் தொட்டியைப் பார்த்தாள். பிறகு பாட்டிலைக் கொண்டுபோய் வாசற்படிக்கு வெளியே, செருப்புகளோடு செருப்பாக வைத்துவிட்டு வந்தாள்.

தேநீர் வந்தது. ஒவ்வொரு குவளையிலும் பழுப்பு வளையம் இருந்தது. எல்லோரும் குடித்தோம். நுஸ்ரத் இரண்டாவது குவளையும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.